டீச்சரம்மாவுக்கு உள்ளூர் விலை

வா தாயி, வா. மே மாசம் பூரா எங்க கொடைக்கானல் மலைப் புள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வர்றேன்னு நீ போன்ல சொன்னதும் ஊரே பூரிச்சுப் போச்சு. ஊருன்னா நானு, என் வீட்டுக்காரி, வாசல்ல சுருண்டு கெடக்கிற நாயி. புள்ளைககிட்ட இன்னும் சொல்லல. சொன்னா நீ வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பயக தோட்டத்துல சோலி இருக்குன்னு மறைஞ்சிருவாய்ங்க. லீவுல படிப்பு தேடி வருதுன்னா எந்தப் பய சும்மா உக்காந்திருப்பான்?

நீ அனுப்புன கேள்விகளைப் பேரன் வாசிச்சுக் காட்டுனான். இந்தப் பதிலையும் நான் சொல்லச் சொல்ல அவன்தான் போன்ல அடிக்கிறான். நடுவுல எங்கிட்டாச்சும் இலக்கணம் சுத்தமா இருந்தா அது அவன் திருகுதாளம், என்னைக் குத்தம் சொல்லாத. வெந்நீர் வருமா, வைஃபை வருமா, காட்டு மிருகம் வருமான்னு கேட்டிருக்க. வெந்நீரு வெறகு இருந்தா வரும். வைஃபை மழை இல்லன்னா வரும். காட்டெருமை யாரையும் கேக்காம வரும். அது வந்து முட்டைக்கோசுப் பாத்தியில நின்னா, ஐயோ அழகா இருக்கேன்னு போனைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல போகாத. பெரிய கடா ஒண்ணு ஆயிரம் கிலோ வரைக்கும் தேறும். எங்க நாயி பூனையைக் கண்டா ஊரையே கூட்டும், காட்டெருமையைக் கண்டா வாயத் தெறக்காது. அதுகிட்ட இருந்து அம்புட்டுப் புத்தியை மட்டும் கடன் வாங்கிக்க.

ரயில்ல வர்றதா இருந்தா ஒண்ணு கேட்டுக்க. ‘கொடைக்கானல் ரோடு’ன்னு போர்டைப் பாத்ததும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கிட்டு ஏரி எங்கிட்டு இருக்குன்னு தேடாத. அது அம்மையநாயக்கனூரு. மலை அங்கருந்து 80 கிலோமீட்டர். காதுவரைக்கும் குல்லாவை இழுத்து விட்டுக்கிட்டு அந்தப் பிளாட்பாரத்துல வேர்த்து ஒழுகி நின்னவுக உண்டு. மதுரையில எறங்குனா ஆரப்பாளையத்துல இருந்து நேர் பஸ்ஸு. வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டுல வண்டி மேல ஏற ஆரம்பிச்சதும் போனைப் பைக்குள்ள போட்டுரு. வளைவுல போனைப் பாத்துக்கிட்டு வந்தா வயித்துல இருக்கிறது மடிக்கு வந்துரும். டம்டம் பாறையில தலையத் தூக்கு. எதிர்மலையில எலிவால் அருவி தொங்கும், 975 அடி. கோடையில தண்ணி இருந்தா ஒன் அதிர்ஷ்டம். இல்லாட்டி வெறும் பாறையைப் பாத்துட்டு வா, அதுக்கும் டிக்கெட்டு கெடையாது. அப்புறம் ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி, செண்பகனூரு, மூஞ்சிக்கல்லு. வரிசையை மனசுல வச்சுக்க. மொத நாள் வகுப்புலயே ஒருத்தன் கேப்பான், “டீச்சர், பஸ்ஸுலதான வந்தீங்க, ஊத்துக்கு அப்புறம் என்ன ஊரு?”ன்னு. சன்னலோரம் உக்காந்து தூங்குனியா முழிச்சிருந்தியான்னு பாக்குறான் அவன்.

கார்ல வரணும்னு ஆசைப்படாத. 2024 மே 7லருந்து கோர்ட்டு உத்தரவுப்படி கார்ல வர்றவுகளுக்கு இ-பாஸு. 2025 ஏப்ரல்ல அதுக்கும் ஒரு அளவு வச்சாக: சாதா நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. பஸ்ஸுல வந்தா இந்த எழவு ஒண்ணும் இல்ல. கையில சின்னப் பிளாஸ்டிக்குத் தண்ணி பாட்டிலு வச்சிருந்தா ஒண்ணுக்கு 20 ரூபா பசுமை வரி தீட்டுவாய்ங்க. எவர்சில்வர் பாட்டில்ல கொண்டு வா. தண்ணிக்கு வரி கட்டுற ஆளைப் பாத்தா எங்க புள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது. வாத்தியார்னு சொல்லிக்கிட்டு வர்ற ஆளு எறங்கும்போதே சிரிப்புக் காட்டக் கூடாதுல்ல.

சரி, இனிமே புள்ளைக சங்கதிக்கு வருவோம்.

நீ நெனைச்சிருக்கிறது எனக்குத் தெரியும். மலை, மேகம், குளிரு. ரெட்டைச் சடை போட்ட புள்ளைக கையில பூவோட வரிசையா நிக்கும், ‘குட்மார்னிங் டீச்சர்’னு ராகம் போடும். தாயி, ஏப்ரல் மே எங்களுக்குச் சீசன். மத்த ஊர்ல புள்ளைகளுக்கு லீவு விட்டா அப்பனும் ஆத்தாளும் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வர்றாக. எங்க ஊர்ல லீவு விட்டா அப்பன் குதிரையைப் புடிச்சுக்கிட்டு ஏரிக்குப் போறான், ஆத்தா மக்காச்சோளம் அவிக்கக் குந்துறா, அக்கா லாட்ஜுல போர்வை தொவைக்கிறா. பிரையண்ட் பூங்காவுல மலர்க் கண்காட்சி வச்சுட்டா இன்னும் மோசம். அடுப்புப் பத்த வைக்க ஆள் இருக்காது. வருசம் பூரா உள்ள கடனைக் கட்டுறது இந்த ரெண்டு மாசத்துலதான். அதனால ஊரு உலகமே ஓய்வெடுக்கிற நேரத்துல எங்க புள்ளைகளைக் கவனிக்க வீட்ல ஒரு ஆளு கெடையாது. ஒன்னை ஏன் வரச்சொன்னாகன்னு இப்ப வெளங்குதா? கல்வி வளர்க்க இல்ல ஆத்தா, காலையில ஒம்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் பயகளை ஒரு எடத்துல கட்டி வைக்க. அதைச் செஞ்சாலே ஒனக்கு ஊர்ல சிலை வைப்பாக. கூடக் கொஞ்சம் படிப்பும் ஏறுனா அது கொசுறு.

ஆனா அந்தப் புள்ளைக சாமானியம் இல்ல. நாயுடுபுரத்துப் பயகளும் எங்க வில்பட்டிப் பக்கத்துப் பயகளும் கலந்து வரும். பொறந்ததுல இருந்து வெளியூர்க்காரன் மூஞ்சியைப் படிச்சே வளந்ததுக. செருப்பைப் பாத்தே நீ எத்தனை நாள் தங்குவன்னு சொல்லிரும். குதிரைக்காரன் மகன் ஒருத்தன் இருக்கான், ஒன்பது வயசு. மலையாளத்துல வெலை சொல்லுவான், இந்தியில பேரம் பேசுவான், இங்கிலீசுல நன்றி சொல்லுவான். தமிழ்ல மட்டும் பேச மாட்டான், வீட்ல அதுக்கு நேரமில்ல. நீ அவனுக்கு ஸ்போக்கன் இங்கிலீசு எடுக்கப் போற. எடு, எடு. மொத வகுப்புலயே ‘மேடம், ஒன் ரவுண்டு?’ன்னு கேட்டு ஒன்னைக் குதிரையில ஏத்திருவான். ஏறிட்டா எறங்கும்போது காசு குடுத்துரு. வாத்தியார்னு அவன் தள்ளுபடி பண்ண மாட்டான்.

இங்க எந்தச் சாமானுக்கும் மூணு வெலை உண்டு. சனி ஞாயிறு வெலை, சாதா நாள் வெலை, உள்ளூர் வெலை. ரோட்டோரத்துல தழையோட கட்டி வச்சிருக்கிற கேரட்டு ஒரு கட்டு, சனிக்கெழமை ஒனக்கு 60 ரூபா. செவ்வாக்கெழமை வந்தா 40. நான் போய் நின்னா, “தாத்தா, 20 குடுத்துட்டு எடுத்துக்க, ஆத்தாகிட்டச் சொல்லாத”ன்னு நீட்டுவா எதிர்வீட்டுப் புள்ள. பிளம்ஸு, பேரிக்கா, பட்டர் ஃப்ரூட்டு எல்லாத்துக்கும் இதே கதைதான். நீ என்ன சம்பளம் வாங்குற, என்னா பட்டம் படிச்சிருக்க, சுவத்துல எத்தனை சார்ட்டு ஒட்டுன, இதெல்லாம் ஒன்னை அனுப்புறவுகளுக்குக் காட்டிக்க. நீ வாத்தியார் ஆயிட்டியான்னு எனக்குத் தெரியணும்னா, ஒரு சனிக்கெழமை சாயங்காலம், ரோட்டுல ஜேஜேன்னு கூட்டம் இருக்கும்போது, ஒன்கிட்டப் படிக்கிற புள்ளையோட கடையில போய்க் கேரட்டு வெலை கேளு. அது என்ன சொல்லுதுன்னு வந்து சொல்லு. அதுதான் ஒனக்குப் பரீட்சை. வெலை 60ன்னு வந்தா நீ இன்னும் டூரிஸ்ட்டுதான் தாயி, ஒரு மாசத்துக்கு ரூம் போட்டிருக்கிற டூரிஸ்ட்டு.

மொத வாரத்துல ஒன்னைச் சோதிப்பாய்ங்க. செந்தட்டி எலையைக் காட்டி, வாசமா இருக்கும், மோந்து பாருங்க டீச்சர்ம்பாய்ங்க. கிட்டப் போகாத; தொட்டா ரெண்டு நாளைக்கு மூக்கு பரோட்டா சைசுக்கு இருக்கும். ஏதாவது ஒரு ஊதாப்பூவைப் பறிச்சாந்து குறிஞ்சின்னு நீட்டுவாய்ங்க. வாங்கி ஸ்டேட்டஸ் வச்சிராத. குறிஞ்சி 12 வருசத்துக்கு ஒருக்காத்தான் பூக்கும். கடைசியா பூத்தது 2018, அடுத்தது 2030. ஒன்கிட்ட வர்ற ஒண்ணாப்பு ரெண்டாப்பு வாண்டுக அப்ப தொட்டில்ல கெடந்திருக்கும், இல்லாட்டி பொறந்தே இருக்காது. பூவைக் கண்ணால பாக்காத பய, மே மாசத்துல, ஒனக்குப் பறிச்சாந்து குடுக்குறான்னா அவன் பொழைச்சுக்குவான். நான் ஆறு குறிஞ்சி பாத்தவன். என் வயசென்னன்னு கணக்கு டீச்சரு நீயே போட்டுக்க, வீட்டுக்காரிகிட்டக் கேக்காத, அவ கூட்டிச் சொல்லுவா.

குணா குகைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எவனாச்சும் கைய நீட்டுனா அந்தக் கையிலயே ரெண்டு போடு. 1991ல கமலஹாசன் நடிச்ச படம் வந்ததுல இருந்து அந்தக் குழிக்குப் பேரு மாறிப் போச்சு, 2024ல மலையாளப் படம் வந்ததுல இருந்து கூட்டம் சொல்லி மாளல. பள்ளிக்கூடப் பயகளோட வேலிக்கு அந்தாண்ட போற எடம் இல்ல அது. இந்த ஒரு விசயத்துல மட்டும் நான் கேலி பேசல.

பாடம் என்ன எடுக்கப் போறன்னு திட்டம் அனுப்பியிருந்த. பேரன் வாசிச்சான், எனக்குத் தூக்கம் வந்துருச்சு. ரெண்டு எடத்துல முழிப்பு வந்துச்சு. ஒண்ணு, மழையைப் போ போ, இன்னொரு நாள் வான்னு வெரட்டுற இங்கிலீசுப் பாட்டு சொல்லித் தர்றதாப் போட்டிருக்க. வேணாம் தாயி. மே மாசந்தான் மலைப்பூண்டு நடுற காலம். நட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. அந்த வீட்டுப் புள்ள அடுப்படியில நின்னு மழையே போயிருன்னு பாடுனா, மறுநாள் அவன் அப்பன் ஒன்னைத் தேடி வருவான், குச்சியோட. சீமையில மழை சும்மா நச்சு நச்சுன்னு பெஞ்சுக்கிட்டே இருக்குமாம், வெரட்டுறதுக்கு அவுகளுக்கு மழை மிச்சம் இருக்கு. நம்ம மழையைக் கூப்பிடுற சனம். இங்கனயே கெழவிக நாலு பேர்கிட்டக் கேளு, வரச்சொல்லிப் பாடுறதுக்கு ஒனக்குப் பாட்டு கெடைக்கும்.

பூண்டுன்னதும் ஞாபகம் வருது. நடவு நாள்ல வகுப்புல பாதி எடம் காலியா இருக்கும். ஆப்சென்ட்டுன்னு செவப்பு மையில சுழிக்காத. எந்திரிச்சு அந்த வீட்டுக்குப் போ. மொட மொடன்னு காஞ்ச பூண்டுக் கட்டைப் பரண்ல இருந்து எறக்கிப் போட்டு, வட்டமா உக்காந்து பல்லு ஒடைச்சுக்கிட்டு இருப்பாக. வெதைக்கு நல்ல பல்லு ஒரு பக்கம், சுண்டுனது ஒரு பக்கம். சின்ன விரலு இருக்கிறவுகதான் தோலு கிழியாம ஒடைக்க முடியும், அதனாலதான் புள்ளைகளைக் கூப்பிடுறது. நீயும் குந்திக் கொஞ்ச நேரம் ஒடை. நகக்கண்ணு காந்தும். தெரியாம அந்தக் கையைக் கண்ணுல வச்சா மே மாச வகுப்பு பூரா அழுதுக்கிட்டே எடுக்க வேண்டியதுதான். எங்க பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்திருக்காக. அப்படின்னா என்னான்னு அந்த ஆத்தாளுக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. மத்த ஊர்ப் பூண்டை எங்க பூண்டுன்னு சொல்லி விக்கக் கூடாதுங்கிறதுக்கு அரசாங்கம் குடுத்த சீட்டுன்னு நீ அங்கனயே, பூண்டு ஒடைச்சுக்கிட்டே சொல்லு. அன்னைக்குப் பாடம் முடிஞ்சுது. ஏக்கருக்கு எம்புட்டு வெதை, மூட்டைக்கு என்ன வெலை, யாவாரி எம்புட்டு அடிச்சுட்டுப் போறான்னு அவன் ஒனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவான். போன பரீட்சையில கணக்குல பெயிலுன்னு அவன் வாத்தியார் எழுதுன அதே பயதான்.

ரெண்டாவது, தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு சார்ட்டு எழுதி வச்சிருக்க. கீழ எழுதுன சார்ட்டு அது. இங்க 7000 அடி உசரம். தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே தளபுளன்னு கொதிச்சுரும். கொதிச்சா ஆச்சா, பருப்பு வேகணும்ல? அதனாலதான் எங்க வீட்ல பருப்பு வேகுற நேரத்துல நான் தோட்டத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவேன். குக்கரு வர்றதுக்கு முன்னால கொள்ளுப்பருப்பை ராத்திரியே ஊறப்போட்டாத்தான் மறுநாள் மத்தியானம் வாயில வைக்கலாம். புத்தகத்தைத் திருத்த வேணாம். ஒரு தெர்மாமீட்டரும் பாத்திரமும் கொண்டாந்து புள்ளைக முன்னாலயே வச்சுக் காட்டு. புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு, நம்ம அடுப்புல வேற ஒண்ணு நடக்குது, ரெண்டும் நெசந்தான்னு தெரிஞ்சா பயக அசந்துருவாய்ங்க. அன்னைக்கு மட்டும் ஒன்னைக் குதிரையில ஏத்த மாட்டாய்ங்க.

சாமான் என்ன கொண்டாரணும்னு கேட்டிருந்த. சார்ட்டு பேப்பரைக் கட்டுக்கட்டாத் தூக்கிட்டு வராத. மேகம் எறங்குச்சுன்னா பேப்பரு நமுத்து அப்பளம் கணக்காத் தொங்கும். பசை காயாது, சாக்பீஸு எழுதாது, தொவைச்ச துணி நாலு நாளைக்கு ஈரம் போகாது. ஜீன்ஸு போட்டுட்டு வர்றவுக எல்லாம் ரெண்டாவது வாரத்துல என் வேட்டியைத்தான் ஏக்கமாப் பாப்பாக. குளிருதேன்னு தலையை மட்டும் மூடிக்கிட்டு மூஞ்சியை வெயில்ல காட்டாத. உசரத்துல வெயிலு சுடாதது போலத்தான் தெரியும். சாயங்காலம் மூக்குத் தோலு உரியும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெளிய எந்த ஆட்டமும் வைக்காத. கோடை மழை எடியோட அப்பத்தான் வரும். தைலமரத்துக்கு அடியில ஒதுங்கி நிக்கிற புத்தியும் வேணாம்.

இன்னொரு கூத்தைச் சொல்றேன், சிரிக்காத. எங்க புள்ளைகளுக்குக் கொடைக்கானல்ல எல்லா எடத்துக்கும் வழி தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டரும் குதிரைக்குப் பின்னால ஓடுற பய, போட்டுல ஏறுனதில்ல. அந்த ஏரியே தானா வந்ததில்ல, மதுரையில கலெக்டரா இருந்த லெவிஞ்சு தொரை 1863ல கரை போட்டுத் தேக்குனதுன்னா நம்ப மாட்டான். கோக்கர்ஸ் வாக் வாசல்ல தொப்பி விக்கிறவ மகளுக்கு அந்த நடைபாதையில இருந்து என்னென்ன ஊரு தெரியும்னு கேட்டுப் பாரு. தொப்பி வெலை சொல்லுவா. டிக்கெட்டு வாங்கி உள்ள போனா யாவாரத்தை யாரு பாக்குறது?

சூரியனைப் பாக்குற ஆபீசுன்னு ஒண்ணு மேல இருக்குல்ல, அப்சர்வேட்டரி. அந்தக் காலத்துல மழை ஏமாத்தி மதராஸ் மாகாணமே பஞ்சத்துல செத்துக்கிட்டு இருந்தப்ப, சூரியனைக் கவனிச்சா மழையைப் பத்தி ஏதும் துப்புக் கெடைக்குமான்னு யோசிச்ச யோசனையில வந்தது. 1899ல தொடங்குனாக. அண்ணாந்தா தெரியிற சூரியனைப் பாக்க இம்புட்டுச் செலவான்னு எங்க பாட்டன் கேட்டாராம். கேலிதான், ஆனா அங்க உக்காந்துதான் 1909ல எவர்ஷெட்டுங்கிற தொரை, சூரியன்ல இருக்கிற கரும்புள்ளியில இருந்து வாயு வெளிப் பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சான். ஒலகம் பூரா அதை அவன் பேரைச் சொல்லித்தான் சொல்றாக. மேகம் மறைக்காத நாள்ல எல்லாம் நூறு வருசத்துக்கும் மேல சூரியனைப் படம் புடிச்சு வச்சிருக்காக. எங்க பயக டூரிஸ்ட்டுக்கு அந்த வாசலைக் கையக் காட்டி விட்டுட்டு, நேராப் போங்க சார்னு சொல்லிட்டுத் திரும்பிருவாய்ங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் கால் வச்சவன் எத்தனை பேருன்னு வகுப்புல கைதூக்கச் சொல்லு.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, சாதா நாளு ஒண்ணு பாரு. செவ்வாயோ புதனோ. உள்ள விடுற நேரத்தை முன்கூட்டியே விசாரிச்சுக்க, பெத்தவுககிட்ட வார்த்தை சொல்லிக்க. ஒரு நாள் யாவாரம் போகுதேன்னு மொகத்தைத் தூக்குவாக, பேசாம நில்லு, எறங்கி வருவாக. அன்னைக்குப் பயகளை அவுக ஊருக்கே டூரிஸ்ட்டாக் கூட்டிட்டுப் போ. போட்டுல ஏத்து. ஒரு அட்டையில குண்டூசியால ஓட்டை போட்டு, அதுவழியா வெள்ளைத் தாள்ல சூரியனை விழவச்சுக் காட்டு. நேராப் பாக்க விட்டுராத, கண்ணு போயிரும். காசு கொஞ்சம் கையை விட்டுப் போகும். ஒன்னை அனுப்புனவுக ‘இது திட்டத்துல இல்லையே’ம்பாக. ஆக்டிவிட்டின்னு எழுதிக் குடுத்துரு, அந்த வார்த்தைக்கு அவுக எதுன்னாலும் கையெழுத்துப் போடுவாக. மலையாளம் பேசுற குதிரைக்காரன் மகன் போட்டுல உக்காந்துக்கிட்டுக் கரையில நிக்கிற அப்பனைப் பாத்து என்ன பேசுறான்னு மட்டும் கேட்டு வை. எனக்கு இப்பவே தெரியும்: வெலை பேசுவான். “ஒன் ரவுண்டு எம்புட்டு?”ன்னு அப்பனையே கேப்பான்.

இதுக்கு முன்னாலயும் மலையில வாத்தியார்மாரு வந்திருக்காக, போயிருக்காக. மதுரையில காய்ச்சலும் பேதியும் ஆளைத் தூக்கிட்டுப் போகுதேன்னு 1845ல அமெரிக்கப் பாதிரிமாரு இங்க வந்து வீடு கட்டுனாக. அவுக புள்ளைகளுக்குன்னே 1901ல பள்ளிக்கூடம் வச்சாக. அப்ப ரோடு ஏது, டோலியில உக்கார வச்சு எங்க பாட்டன் பூட்டன்தான் தூக்கிட்டு வந்தது. அன்னையில இருந்து கீழ இருந்து வர்றவுகளை மேல தூக்குறதும், வந்தவுக எறங்குனதும் கூலி எண்ணுறதும் எங்களுக்குப் பழக்கம். அதனால புள்ளைக ஒன்னையும் எடை போட்டா கோவிச்சுக்காத. வந்த மறுநாளே ஒன் வகுப்புப் படத்தைப் போன்ல போட்டு, ஏழைக் கொழந்தைக அப்படி இப்படின்னு எழுதாத. அந்த ஏழைக் கொழந்தைக அதைப் பாத்துட்டு, மறுநாள் ஒரு படத்துக்கு 10 ரூபா கேக்கும். கேக்குறதுல நாயம் இருக்கு.

என்ன, வாடகை பத்தி நான் வாயே தெறக்கலையேன்னு பாக்குறியா. பேரன் அடிக்க மாட்டேங்கிறான், வெக்கமா இருக்காம். அடிடா. மாடி ரூமு, சன்னலைத் தெறந்தா மலை, மூடுனா எலி. நான் உள்ளூர் வெலை உள்ளூர் வெலைன்னு இம்புட்டு நேரம் பேசுனது புள்ளைக கேரட்டுக்கு. ரூமு சீசன் வாடகைதான் தாயி. கேரட்டு வேற, ரூமு வேற. ஒரு சனிக்கெழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் புள்ள ஒன்கிட்ட 20 ரூபான்னு சொல்லிருச்சுன்னு வையி, நானே என் காதால கேட்டேன்னு வையி, அப்புறம் குறைக்கலாமான்னு ஒக்காந்து யோசிக்கிறேன். வெத்தலை இல்லாம எனக்கு யோசனை ஓடாது. வர்ற வழியில வத்தலக்குண்டுல பஸ்ஸு நிக்கும், ஒரு கவுளி வாங்கிட்டு வா. கடைக்காரன் சொல்ற வெலையைக் குடுத்துறாத.